குளிர் வடக்கிலிருந்து வரவில்லை: கலிஃபோர்னியாக் கரையோரம் எட்டு நாள்

முதல் நாள் – சாக்ரமெண்டோவிலிருந்து சான் ஃபிரான்சிஸ்கோ

மதியம் ஒன்றரை மணி. சாக்ரமெண்டோ ரயில் நடைமேடையில் 38 டிகிரி வெயில். பெஞ்சு கொதித்ததால் நின்றுகொண்டே இருந்தோம். வழியனுப்ப வந்த அக்கா என் கையில் இரண்டு ஸ்வெட்டரைத் திணித்தாள். ஒன்று எனக்கு, இன்னொன்று கூட வரும் அவள் மகளுக்கு. பெண்ணுக்குப் பதினான்கு வயது. அவள் பையில் ஒரு நோட்டும் மீன்தொட்டித் தெர்மாமீட்டரும் இருந்தன. போகிற கரையிலெல்லாம் கடல்நீர் எத்தனை டிகிரி என்று அளந்து எழுதி வைப்பது, இந்த விடுமுறைக்கு அவளே எடுத்துக்கொண்ட வேலை.

பயணம் கிளம்பியதே அவள் கேட்ட கேள்வியால்தான். "மாமா, இங்க நாங்க வெந்துட்டு இருக்கோம். ரெண்டு மணி நேரம் தள்ளி சான் ஃபிரான்சிஸ்கோவில எல்லாரும் ஜாக்கெட் போட்டுட்டு நிக்கறாங்க. அதுவும் இந்த வருஷம் ரொம்பக் குளிராம். ஏன்?" அலாஸ்காப் பக்கமிருந்து குளிர்ந்த நீரோட்டம் வருகிறது என்று சட்டென்று சொல்லிவிட்டேன். அப்புறம் யோசித்துப் பார்த்தால் அது பாதி பதில்கூட இல்லை. கலிஃபோர்னியா நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது உண்மை. ஆனால் அது மட்டும் காரணம் என்றால், கரையை ஒட்டிய தண்ணீர் நடுக்கடலை விடக் குளிர்ந்து கிடப்பது எதனால்? சரி, நேரில் போய்ப் பார்த்துவிடலாம் என்று கிளம்பிவிட்டோம்.

சூய்சுன் சதுப்பு நிலத்தைத் தாண்டும்போது தூரத்து மேட்டில் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. அடுத்து மார்ட்டினெஸ் நிலையம். ரயில் கதவு திறந்ததும் உள்ளே வந்த காற்றில் உப்பு வாசனை. அவள் தன் கையைக் காட்டினாள், முடியெல்லாம் சிலிர்த்து நின்றது. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் வியர்த்துக் கொட்டிய கை அது.

இந்த இடத்துக்குப் பேர் கார்கினெஸ் நீரிணை. கலிஃபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்குக்கும் கடலுக்கும் நடுவே கரையோர மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கிறது. அந்தச் சுவரில் கடல் மட்டத்துக்கே இறங்கும் ஒரே வழி, கோல்டன் கேட்டில் தொடங்கி விரிகுடா வழியாக இந்த நீரிணைக்கு வருவதுதான். பள்ளத்தாக்கு சூடேறினால் அங்கே காற்று லேசாகி மேலே போகும், அழுத்தம் குறையும். அந்தக் குறையை நிரப்பக் கடல்காற்று இந்தச் சந்தில் புகுந்து ஓடுகிறது. காற்றாலைகள் நிற்பது அதன் பாதையில்தான். உள்ளே எவ்வளவு வெயிலோ, இங்கே அவ்வளவு காற்று.

மாலை நாலரைக்கு சான் ஃபிரான்சிஸ்கோவில் இறங்கினோம். 16 டிகிரி. ஸ்வெட்டர் வெளியே வந்தது.

இரண்டாம் நாள் – ஓஷன் பீச்

நகரின் மேற்கு விளிம்பு. சாம்பல் நிற வானம், சாம்பல் நிறக் கடல், நடுவே கோடு தெரியவில்லை. அலை இழுக்கும் கரை இது என்பதால் கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டேன். நுரையோடு வந்த தண்ணீரைச் சின்ன வாளியில் மொண்டு, தெர்மாமீட்டரை உள்ளே விட்டு இரண்டு நிமிஷம் காத்திருந்தோம். சிவப்புக் கோடு இறங்கிக்கொண்டே போய் 12-இல் நின்றது.

"ஜூலை மாசம் மாமா இது!" என்றாள்.

ஜூலைதான் இங்கே வெயில் மாதம் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். நகரத்தின் சராசரி பகல் வெப்பம் ஜூலையில் 19 டிகிரி அளவில்தான் நிற்கும், செப்டம்பரில் 21-ஐத் தாண்டும். கோடை என்று பஞ்சாங்கம் சொல்லும் மூன்று மாதம் முழுக்கக் கடல் இந்த ஊரைக் கையில் பிடித்து வைத்திருக்கிறது. பிடி தளரும் நாளும் உண்டு. 2017 செப்டம்பர் 1 அன்று காற்று திசை மாறி நிலத்திலிருந்து கடலுக்கு அடித்தது. அன்று இதே நகரத்தின் மையத்தில் 41 டிகிரி. அந்த ஊரின் பதிவேட்டில் அதற்கு முன்பு அவ்வளவு சூடான நாளே இல்லை. அதாவது இந்த ஊர் குளிர்ந்த ஊர் இல்லை, குளிர வைக்கப்படும் ஊர். காற்றின் திசை அப்படி மாற்றிவிடுகிறது.

மாலையில் கோல்டன் கேட் பாலத்துக்குப் போனோம். 227 மீட்டர் உயரக் கோபுரங்களின் தலை தெரியவில்லை. பாலத்தின் நடுவிலிருந்தும் தெற்குக் கோபுரத்திலிருந்தும் மூடுபனிச் சங்கு மாறி மாறி ஒலித்தது, ஒன்று தாழ்ந்த சுருதி, இன்னொன்று சற்றே மேலே. மார்ச் மாதத்தில் நாளுக்கு அரை மணி நேரம் ஒலிப்பது கோடையில் ஐந்து மணி நேரத்தையும் தாண்டிப் போகுமாம். காலுக்குக் கீழே பாலத்தின் இரும்பில் அந்த ஒலி அதிர்ந்ததை இருவரும் பேசாமல் கேட்டுக்கொண்டே நின்றோம்.

மூன்றாம் நாள் – டாமல்பாய்ஸ் மலை

இன்றைக்குப் பார்த்ததை நான் சுலபத்தில் மறக்க மாட்டேன்.

வாடகைக் கார் எடுத்துப் பாலத்தைத் தாண்டி மலை ஏறினோம். அடிவாரத்தில் காரின் திரை 13 காட்டியது. முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் தெரிந்தது, கண்ணாடியில் துளி துளியாக நீர். மலை ஏறினால் குளிரும் என்றுதான் நாம் எல்லோரும் வளர்ந்திருக்கிறோம். இங்கே 13, 14 என்று மெதுவாக ஏறிய எண், ஒரு வளைவில் சட்டென்று 18 ஆனது, அடுத்த வளைவில் 22. மரங்களுக்கு நடுவே வெயில் விழுந்தது. 784 மீட்டர் உயர ஈஸ்ட் பீக் உச்சிக்குச் சற்றுக் கீழே காரை நிறுத்தியபோது 28 டிகிரி. அக்கா மகள் ஒவ்வொரு எண்ணையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். கடைசியில் ஸ்வெட்டரைக் கழற்றிப் பின் சீட்டில் எறிந்துவிட்டு இறங்கி ஓடினாள்.

கீழே பார்த்தால் கடலும் இல்லை, நகரமும் இல்லை. பஞ்சு விரித்த மாதிரி வெள்ளை, அதன் மேல்புறம் தட்டையாக, யாரோ கத்தியால் சீவிவிட்டது போல. மேலே ஒரு மூடி இருப்பதால்தான் அப்படிச் சீவியது போல நிற்கிறது.

கோடையில் வட பசிபிக் நடுவே ஒரு பெரிய உயர் அழுத்தப் பகுதி வந்து உட்கார்ந்துகொள்ளும். அங்கே உயரத்துக் காற்று கீழே இறங்குகிறது. இறங்கும்போது நசுங்கிச் சூடாகிறது. ஆனால் கடல் வரை அது இறங்கி முடிப்பதில்லை, கீழே குளிர்ந்த நீரைத் தொட்டுக் குளிர்ந்துபோன காற்று ஒரு மெத்தையாகப் படுத்திருக்கிறது. சூடான காற்று லேசு, குளிர்ந்தது கனம். கனமானது கீழே, லேசானது மேலே என்று ஆனபின் இரண்டும் கலப்பதில்லை, மேலே நிற்கும் சூடான காற்றுதான் அந்த மூடி. அந்தக் கீழ் மெத்தையைத்தான் இங்கே வானிலைக்காரர்கள் 'மெரைன் லேயர்' என்கிறார்கள். பல நாளில் அதன் தடிமன் 300 முதல் 600 மீட்டர். நாம் காரில் அதைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்திருக்கிறோம், அவ்வளவுதான்.

ஒரு கோடை மற்ற கோடைகளை விடக் குளிர்வதற்கான முதல் காரணம் இங்கேயே இருக்கிறது. வானத்தின் மேலடுக்கில் குறை அழுத்தப் பள்ளம் ஒன்று மேற்குக் கரை மேல் வந்து நின்றுவிட்டால் மூடி தூக்கப்படும், மெத்தை தடித்துவிடும். தடித்த மேகத்தை மதிய வெயிலாலும் கரைக்க முடியாது, அது மலைகளைத் தாண்டி உள்நிலத்துக்கும் பரவும். 2010-இல் நடந்தது அதுதான். அந்தப் பள்ளம் திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்ததில் கலிஃபோர்னியாக் கரை முழுக்க அந்தக் கோடை வெயிலையே அரிதாகப் பார்த்தது. அதே கோடையில் ரஷ்யா வரலாறு காணாத வெப்பத்தில் எரிந்தது.

நான்காம் நாள் – பாயிண்ட் ரேஸ்

கடலுக்குள் நீட்டிய மூக்கு மாதிரி ஒரு நிலமுனை. 1870-இல் விளக்கேற்றிய கலங்கரை விளக்கம், 313 படி கீழே. மூடுபனி உயரத்தில் கட்டிக்கொண்டு நிற்கும் என்பதால் விளக்கை வேண்டுமென்றே பாறையின் உச்சியில் வைக்காமல் கீழே இறக்கிக் கட்டினார்கள். அதைக் கிட்டப் போய்ப் பார்க்கத்தான் வந்தோம். காற்று மணிக்கு 40 மைலைத் தாண்டினால் படியை மூடிவிடுவது இங்கே வழக்கம். இன்று மூடியிருந்தது.

எனக்கு ஏமாற்றம்தான். ஆனால் அந்தக் காற்றுதான் நாங்கள் தேடி வந்த ஆள். வேலி ஓரமாக அவளை நிறுத்தினேன்.

"காத்துக்கு முதுகைக் காட்டி நில்லும்மா."

நின்றாள். முடியெல்லாம் முகத்துக்கு முன்னால் பறந்தது. காற்று வடமேற்கிலிருந்து வந்தது, ஆக அவள் பார்த்தது தென்கிழக்கை, கரை நீளும் திசையை.

"இப்ப வலது கையை நீட்டு. எங்க காட்டுது?"

"கடலுக்கு உள்ள மாமா. நடுக்கடலுக்கு."

"மேல்தண்ணி அங்கதான் போகுது."

நான்சென் என்ற நார்வே ஆய்வாளர் 1893 முதல் 1896 வரை நடந்த ஃபிராம் கப்பல் பயணத்தில் வடதுருவப் பனியில் சிக்கி மிதந்தபோது, பனிப்பாளம் காற்றடிக்கும் திசையில் போகாமல் வலப்பக்கம் ஒதுங்கிப் போவதைக் கவனித்தார். அதற்கான கணக்கை ஸ்வீடன்காரர் எக்மான் போட்டு 1905-இல் வெளியிட்டார். சுழலும் பூமியில், வட பாதியில், ஓடும் எதுவும் வலப்பக்கம் விலகும். மேல்தண்ணீர் கொஞ்சம் விலகுகிறது, அதற்குக் கீழே உள்ள அடுக்கு இன்னும் கொஞ்சம், அதற்கும் கீழே மேலும் கொஞ்சம். எல்லா அடுக்கையும் கூட்டிப் பார்த்தால் தண்ணீர் மொத்தமாகக் காற்றுக்கு நேர் வலப்பக்கம், செங்கோணத்தில் நகர்கிறது.

மேல்தண்ணீர் கரையை விட்டுப் போனால் அந்த இடம் காலியாகவா கிடக்கும்? கீழேயிருந்து ஏறி வருகிறது, நூறு மீட்டர் ஆழத்துத் தண்ணீர், வெயிலையே பார்க்காத தண்ணீர். ஆக, நேற்று முன்தினம் வாளியில் மொண்ட 12 டிகிரி அலாஸ்காவிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. நம் காலடியிலிருந்து, அதாவது நின்ற இடத்துக்குக் கீழேயிருந்து வந்திருக்கிறது. இப்படி நிலமுனைகள் நீட்டிக்கொண்டிருக்கும் இடங்களில் காற்று வேகம் பிடிப்பதால் அங்கெல்லாம் அடிநீர் ஏறுவதும் அதிகம். பெரு, நமீபியா, மொராக்கோக் கரைகளும் இதே விதியில்தான் குளிர்கின்றன. தெற்குப் பாதியில் வலதுக்குப் பதில் இடது.

இந்த விதியைத் தெரியாமல் இதே இடத்தில் நடுங்கியவர்கள் உண்டு. 1579 ஜூனில் ஃபிரான்சிஸ் டிரேக்கின் கோல்டன் ஹைண்ட் கப்பல் பழுது பார்க்க ஒதுங்கியது இந்த முனைக்குக் கீழே உள்ள விரிகுடாவில்தான் என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அவர்கள் ஊர்க் கணக்கில் நடுக்கோடை. அந்தப் பயணக் குறிப்பு முழுக்கக் குளிரையும் நாற்றமடிக்கும் மூடுபனியையும் பற்றிய முறையீடு. நிலத்தின் மேல் இப்படிக் குளிர என்ன காரணம் என்று அவர்களும் குழம்பியிருக்கிறார்கள். இந்தக் கரையோரம் கப்பல்கள் ஓடத் தொடங்கி இரு நூற்றாண்டுக்கும் மேல் கோல்டன் கேட் வாயிலை யாருமே கண்டுகொள்ளாமல் போனதற்கும் இந்தப் பனி ஒரு காரணம். 1769-இல் நிலவழியே வந்தவர்கள்தான் விரிகுடாவைப் பார்த்தார்கள்.

வானம் கொஞ்சம் திறந்தபோது தெற்கே ஃபாரலோன் தீவுகள் கோடாகத் தெரிந்தன. ஆழத்துத் தண்ணீர் உரத்தையும் கூடவே ஏற்றிக் கொண்டு வருகிறது. நுண்ணுயிர் பெருகும், இறால் போன்ற சின்னக் கிரில் பெருகும், மீனும் பறவையும் அதை வைத்தே பிழைக்கும். 2005-இல் காற்று மாதக்கணக்கில் தாமதித்தது. அந்த வசந்தத்தில் ஃபாரலோன் தீவுகளின் காசின் ஆக்லெட் பறவைகள் கூட்டைக் கூட்டமாகக் கைவிட்டுப் போயின, அந்த வருஷம் குஞ்சே பிழைக்கவில்லை எனலாம். அதனால் நம்மைப் போல் ஸ்வெட்டர் தேடுகிறவர்களுக்குக் கசக்கும் கோடைதான் இந்தக் கடலுக்கு நல்ல கோடை. இதை நான் முழு மனசோடு சொல்கிறேன். 'வெயிலே வரவில்லை' என்று முகம் சுளிக்கும்போது அந்தக் கூடுகளையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

டிரேக்ஸ் கரையில் அளந்தோம்: 13. முனையின் மறைவில் காற்று குறைவு, தண்ணீர் தங்கி நிற்கிறது, அதனால் ஒரு டிகிரி கூடுதல்.

ஐந்தாம் நாள் – மியூர் வுட்ஸ்

மழை இல்லாத காட்டில் மழைச் சத்தம். ரெட்வுட் மரங்களின் ஊசி இலைகளில் பனி ஒட்டித் துளியாகித் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. டாட் டாசன் என்ற சூழலியலாளர் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், அவர் பார்த்த வடகலிஃபோர்னியாக் காட்டுக்கு ஆண்டு முழுக்கக் கிடைக்கும் நீரில் மூன்றில் ஒரு பங்கு இப்படிச் சொட்டியே வருகிறது என்று கணக்கிட்டார். மழை இல்லாத கோடையில் மரத்துக்கு இதுவும் ஒரு முக்கியமான தண்ணீர். ஜான்ஸ்டனும் டாசனும் 2010-இல் இன்னொன்றையும் காட்டினார்கள்: இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தோடு ஒப்பிட்டால் கலிஃபோர்னியாக் கரையில் கோடை மூடுபனி 33 விழுக்காடு குறைந்துவிட்டது. அந்தச் சொட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றபோது இந்த எண் என்னை அழுத்தியது.

அக்கா மகள் தோளில் ஒரு துளி விழுந்தது. தெர்மாமீட்டரை எடுக்கவே இல்லை, இலையைப் பிடித்துத் துளி திரள்வதை வெகு நேரம் பார்த்தாள்.

ஆறாம் நாள் – மாஸ் லேண்டிங்

மாண்டெரே விரிகுடாவின் நடுவில் இருக்கும் சின்னத் துறைமுகம். இதன் வாயிலுக்கு வெளியே மிக அருகில் கடலுக்கடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்குகிறது. இங்கே தண்ணீர் குளிர்வதற்குக் காரணம் அந்தப் பள்ளம்தான் என்று பலர் சொல்வார்கள், நானும் அப்படி நம்பியிருந்தேன். பெரும்பங்கு அதனுடையது இல்லை. வடக்கே அன்யோ நுவேவோ முனையிலும் தெற்கே சர் முனையிலும் காற்று கிளப்பிய குளிர்நீர் விரிகுடாவின் வாயைக் கடந்து பரவுகிறது.

தண்ணீர் பச்சை. நீலம் தேடி வருகிறவர்கள் முகம் வாடும். ஆனால் அந்தப் பச்சைதான் முந்தாநாள் சொன்ன உரத்தில் பெருகிய நுண்ணுயிர். கடல்நீர்நாய் ஒன்று மல்லாந்து மிதந்துகொண்டே வயிற்றில் கல்லை வைத்துச் சிப்பியை உடைத்தது, டக் டக்கென்று கரை வரை கேட்டது. தூரத்தில் கூனல் திமிங்கலம் மூச்சுவிட்ட வெள்ளைப் புகை இரண்டு முறை. தெர்மாமீட்டர் 14.

ஏழாம் நாள் – சலினாஸிலிருந்து சாண்டா பார்பரா, ரயிலில்

கோஸ்ட் ஸ்டார்லைட் என்ற இந்த ரயில் கரையை விட்டு உள்ளே புகுந்து, மீண்டும் கரைக்கு வருகிறது. அதனால் ஒரே பகலில் மொத்தக் கதையும் ஜன்னல் வழியே ஓடிவிட்டது. சலினாஸில் மேகம். பாசோ ரோப்ளஸ் நிலையத்தில் இறங்கிக் கால் நீட்டினால் 35 டிகிரி வெயில் முகத்தில் அறைந்தது. குவெஸ்டா மலைச்சரிவில் ரயில் வளைந்து வளைந்து இறங்க, சான் லூயிஸ் ஒபிஸ்போவில் மறுபடியும் காற்று, மறுபடியும் ஸ்வெட்டர்.

அதற்கும் தெற்கே ஹோண்டா முனை. 1923 செப்டம்பர் 8 இரவு, மூடுபனியில் அமெரிக்கக் கடற்படையின் ஏழு போர்க்கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து இந்தப் பாறைகளில் மோதின. சாண்டா பார்பரா நீரிணைக்குள் நுழைகிறோம் என்று தவறாகக் கணித்துத் திரும்பியிருக்கிறார்கள். 23 பேர் செத்துப்போனார்கள். ஜன்னலோரம் இன்றும் அதே சாம்பல்.

கன்செப்ஷன் முனையைத் தாண்டியதும் கரை சட்டென்று கிழக்கே திரும்பியது. ரயிலும் திரும்பியது. காற்று இப்போது கரையோடு ஓடவில்லை, மலை மறைத்துவிட்டது. கடலின் நிறமே மாறிப் போனதை இருவரும் சேர்ந்தே பார்த்தோம். "மாமா, இனிமே வலது கை விதி வேலை செய்யாதா?" என்று கேட்டாள். விதி அதேதான், தள்ள ஆள் இல்லை என்றேன்.

எட்டாம் நாள் – லா ஹோயா

ஸ்கிரிப்ஸ் கடலாய்வு நிலையத்தின், கடலுக்குள் நீளும் பாலத்துக்குக் கீழே மணலில் உட்கார்ந்து எழுதுகிறேன். இங்கே 1916 ஆகஸ்டிலிருந்து தினமும் கடல்நீரை அளந்து எழுதுகிறார்கள். ஒரு நூற்றாண்டைத் தாண்டிய நோட்டு அது. அக்கா மகள் தன் எட்டு நாள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு பாலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மேகம் இங்கேயும் இருந்தது. மே, ஜூன் மாதங்களில் தெற்குக் கரை மேகமாகக் கிடப்பதை 'மே க்ரே', 'ஜூன் க்ளூம்' என்பார்கள். இந்த வருஷம் அது ஜூலைக்குள்ளும் வந்துவிட்டது. தண்ணீர் 18 டிகிரி, வடக்கை விட வெகு வெதுவெதுப்பு. ஆனாலும் இந்த இடத்துக்கு இது குளிர்தான். 2018 ஆகஸ்டில் இதே பாலத்தில் கிட்டத்தட்ட 26 டிகிரி அளந்து, 1931-இல் பதிவான உச்சத்தை முறியடித்தார்கள்.

கோடைக்குக் கோடை மாறுவது ஏன் என்பது இங்கே உட்கார்ந்தபோதுதான் எனக்கு ஒழுங்காகச் சேர்ந்தது. கரையோரக் காற்று விடாமல் அடித்தால் அடிநீர் ஏறிக்கொண்டே இருக்கும். மேலே குறை அழுத்தப் பள்ளம் நின்றால் மேகம் கலையாது. இவை இரண்டுக்கும் அடியில் பசிபிக் கடலின் மெதுவான மாற்றங்கள் வேலை செய்கின்றன: லா நினா ஆண்டுகளில் இந்தப் பக்கக் கடல் பெரும்பாலும் குளிர்ந்து கிடக்கும், எல் நினோவில் சூடாகும். பத்தாண்டு, இருபதாண்டு என நீளும் ஊசலும் ஒன்று உண்டு. 2010-இல் லா நினா உருவாகிக்கொண்டிருந்தது. 2014 முதல் 2016 வரை நேர் எதிர், 'தி ப்ளாப்' என்று பேர் வாங்கிய வெந்நீர்ப் பரப்பு கரையோரம் வந்து ஒட்டியது. குளிர்ந்த கோடை என்றால் வெயில் தொலைந்தது என்றும் எண்ணிவிடக் கூடாது. 2010 கோடை முழுக்க நடுங்கிய லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் செப்டம்பர் 27 அன்று 45 டிகிரி.

பூமி சூடேறினால் உள்நிலம் கடலை விட வேகமாகச் சூடாகும், அதனால் கரையோரக் காற்று வலுக்கும், அடிநீர் இன்னும் ஏறும் என்று கடலாய்வாளர் ஆண்ட்ரூ பேக்குன் 1990-இலேயே எழுதினார். கடலே மொத்தமாகச் சூடாவது மறுபக்கம் இழுக்கிறது. இந்தக் கரையின் கோடைகள் இந்த இரண்டு கைகளுக்கு நடுவேதான் இருக்கின்றன.

சாயங்காலம் அக்கா போன் செய்தாள். சாக்ரமெண்டோவில் 41, ஏசி நிற்கவே இல்லை, நாளை இன்னும் ஏறும் என்கிறார்கள் என்றாள். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த மகள் நோட்டை மூடிவிட்டுச் சொன்னாள்:

"அம்மா, அப்ப மார்ட்டினெஸ்ல காத்து பிச்சுக்கிட்டு அடிக்கும். ராத்திரி ஜன்னலைத் திறந்து வை, கொஞ்சம் உன்கிட்டயும் வரும்."